பீமுக்குள் இருந்த சாக்கு

தென்காசியில் வீடு வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்று பார்ப்பார்கள், மூலப்பத்திரம் பார்ப்பார்கள், வாசல் எந்தத் திசை என்று பார்ப்பார்கள், கிணற்றுத் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துப் பார்ப்பார்கள். சுவரைத் தட்டிப் பார்க்கிற வழக்கம் மட்டும் வெகுகாலம் இல்லை. ஊர் மாவட்டத் தலைநகரான பிறகு அது கொஞ்சம் மாறியது. பட்டாளத்திலும் போலீஸிலும் ஓய்வு பெற்று வந்தவர்கள் மேலகரம், இலஞ்சி, குற்றாலம் ரோடு என்று கட்டிய வீடுகளாகத் தேடத் தொடங்கினார்கள். கட்டிய வீட்டில் பெயிண்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. சத்யபிரியா அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தாள்.

அவளுடைய அப்பா மணிமுத்து பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப்போகிற டெம்போ ஓட்டினார். மகளை சிவில் டிப்ளமோ படிக்க வைத்தார். படிப்பு முடிந்ததும் தென்காசியில் வீடு கட்டி விற்கிற ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தாள். ஐந்து வருடம், பதினேழு வீடுகள். கல்யாணமாகிக் குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். கணவர் முத்துகுமரன் கூட்டுறவு பண்டகசாலையில் எழுத்தர். அவரோடு வேலை பார்க்கும் ஒருவர் வீடு வாங்கப்போகும்போது, "ஒங்க வீட்டம்மா எஞ்சினியருக்குத்தான படிச்சிருக்காங்க, ஒரு எட்டு வந்து பாக்கச் சொல்லுங்களேன்" என்றார். போனாள். மொட்டைமாடித் தண்ணீர் எல்லாம் வெளியே போவதற்குப் பதிலாக மாடிப்படி அறையைப் பார்த்து ஓடும்படி தளம் போட்டிருந்தது. அதைச் சொன்னாள். அந்த வீட்டை வேறொருவர் வாங்கி, அடுத்த ஐப்பசியில் மாடிப்படியில் தண்ணீர் இறங்கி நின்றபோது அவளுடைய பெயர் நாலு பேருக்குத் தெரிந்துவிட்டது.

ஸ்கூட்டரில்தான் போவாள். பையில் ரசமட்டம், தூக்குக்குண்டு, டார்ச், சின்னச் சுத்தியல், சுவரில் ஈரம் எவ்வளவு என்று காட்டும் மீட்டர். வீட்டுக்காரர் முன்கூடமான பட்டாசலில் உட்காரச் சொன்னால் உட்காரமாட்டாள். முதலில் மொட்டைமாடி, அப்புறம் கீழே. சாரல் அடிக்கிற ஊரில் மேற்குச் சுவரைத் தனியாகப் பார்ப்பாள். புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் ஏன் இப்போது அடித்தார்கள் என்று கேட்பாள். பார்த்து முடித்து நாலு பக்கம் தமிழில் எழுதிக் கொடுப்பாள். வாங்கு என்றோ வாங்காதே என்றோ அதில் இருக்காது. தரகர்களுக்கு அவளைப் பிடிக்காது. அந்தம்மா உள்ளே வந்தால் பேரம் வெளியே போய்விடும் என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சொல்லிக்கொண்டார்கள்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், மாசி மாதம், மகாராஜா என்பவர் போன் செய்தார். வாசுதேவநல்லூர்க்காரர். இருபத்தாறு வருடம் ராணுவத்தில் இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவர். மேலகரத்துக்கு மேற்கே ஒரு வீடு பார்த்திருப்பதாகவும், விற்கிறவர் பிச்சுமணி என்ற ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர் என்றும், நல்ல மனிதர் என்றும் சொன்னார். வாட்ஸ்அப்பில் இடத்தை அனுப்பினார். சனிக்கிழமை காலை சத்யபிரியா அந்தத் தெருவுக்குள் திரும்பியதுமே சந்தேகப்பட்டாள். வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தியபோது சந்தேகம் தீர்ந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்தத் தெருவில் இருந்தது அந்த ஒரு வீடுதான். அதைக் கட்டியது அவள் வேலை பார்த்த கம்பெனி. பக்கத்தில் நின்று கட்டவைத்தவள் அவள்.

வாசலிலேயே அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பின்னால் ஏன் என்று யோசித்தபோது, சொல்லவேண்டாம் என்று முடிவு செய்ததாக அவளுக்கு நினைவில்லை. பையைத் திறந்து வேலையை ஆரம்பித்துவிட்டாள், அவ்வளவுதான்.

மகாராஜாவும் அவர் மனைவி நிர்மலாதேவியும் வந்திருந்தார்கள். பிச்சுமணியும் மனைவியும் மட்டும்தான் அந்த வீட்டில் இருந்தார்கள், மகள் கோயம்புத்தூரில். வயதான காலத்தில் அங்கே போய்விடலாம் என்றுதான் விற்கிறார்கள். பிச்சுமணி ஒவ்வொரு அறைக் கதவையும் தானே திறந்துவிட்டார். எது எந்த வருடம் மாற்றியது என்று கேட்காமலே சொன்னார். அடுக்களைக் குழாய், மோட்டார், மாடித் தண்ணீர் டேங்க். டேங்க் மூன்று வருடம் கசிந்ததையும் மறைக்கவில்லை.

சத்யபிரியா வழக்கத்தைவிட மெதுவாகப் பார்த்தாள். மாடித் தளம் சரியாக இருந்தது. மேற்குச் சுவரில் கொஞ்சம் ஓதம், பெரிதாக ஒன்றுமில்லை. கடைசியாகப் பட்டாசலுக்கு வந்தாள். அங்கே மேலே அலங்காரத்துக்குப் பொய்க்கூரை அடித்து உள்ளே விளக்குகள் பதித்திருந்தது. அதற்கு மேலே, அறையின் குறுக்கே, ஒரு பீம் போகிறது என்று யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரியும். அதன் கிழக்கு முனை எப்படி இருந்தது என்பதும் தெரியும்.

அந்த வீட்டுக்குக் காங்கிரீட் போட்டது ஓர் ஆடி மாதத்தில். மதியம்வரை வெயில். பிறகு சாரல் தொடங்கி, மூன்று மணிக்கு மழையாகவே கொட்டியது. போட்டவரை தார்ப்பாய் மூடிவிட்டு மறுநாள் தொடரலாம் என்று அவள் முதலாளிக்குப் போன் செய்தாள். முடித்துவிடச் சொன்னார். காங்கிரீட்டை அதிரவைத்து இடைவெளி இல்லாமல் இறுக்குகிற வைப்ரேட்டர் பாதியில் நின்றுபோயிற்று. மூன்று வாரம் கழித்து, காங்கிரீட்டைத் தாங்கியிருந்த பலகையைப் பிரித்தபோது அந்த பீமின் அடியில், கிழக்குத் தூண் பக்கமாக, ஒரு முழ நீளத்துக்குத் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. உள்ளே கம்பி தெரிந்தது. அதைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்பவேண்டும் என்று அவள் படித்திருந்தாள். முதலாளி வந்து பார்த்தார், கொத்தனாரிடம் பூசிவிடச் சொன்னார், போய்விட்டார். சைட் பதிவேட்டில் 'பலகை பிரித்தாயிற்று, குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது சத்யபிரியா. அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது.

அதை நினைத்துக்கொண்டேதான் பிச்சுமணியிடம் ஒரு விளக்கைக் கழற்றலாமா என்று கேட்டாள். அவர் ஏணி கொண்டுவந்தார். ஓட்டை வழியாகக் கையை விட்டு போனில் படம் எடுத்தாள். படத்தில் பீமின் அடிப்பூச்சு உப்பியிருந்தது. நீளவாக்கில் ஒரு விரிசல், விரிசலை ஒட்டிப் பழுப்புக் கறை. உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்துப் பூச்சைத் தள்ளுகிறது. சுத்தியலால் தட்டினாள். மற்ற இடத்தில் கெட்டியாகக் கேட்ட சத்தம் அங்கே பொள்ளலாகக் கேட்டது.

இறங்கி வந்து எல்லோருக்கும் படத்தைக் காட்டி, உள்ளது உள்ளபடி சொன்னாள். உடனே விழுந்துவிடாது, ஆனால் இப்படியே விட்டால் வருடத்துக்கு வருடம் மோசமாகும், பழுது பார்க்கமுடியும் என்றாள். மகாராஜா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார். அத்தோடு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். கோளாறு கண்ணுக்குத் தெரிகிற கோளாறு. அவள் பெயரை அதில் சேர்க்கவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் பிச்சுமணி படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"மாடியில டேங்க் கசிஞ்சுதுன்னு சொன்னேனோல்லியோ. நான்தான் அசட்டையா விட்டுட்டேன். அதனால வந்ததா இது, இல்ல கட்டறச்சேயே இருந்ததா?"

"கட்டும்போதே இருந்ததுதான் சார்."

"அவ்வளவு நிச்சயமா எப்படிச் சொல்றேள்?"

சத்யபிரியா போனைப் பைக்குள் வைத்தாள். "நான்தான் சார் இங்கன சூப்பர்வைசரா இருந்தேன். பலகை பிரிச்சப்ப பாத்தேன். குறை இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்."

பிச்சுமணியின் மனைவி அடுக்களை வாசலில் காப்பித் தட்டோடு நின்றவர் அப்படியே நின்றார். மகாராஜாதான் கேட்டார்.

"தெரிஞ்சேவா போட்டிய?"

"தெரிஞ்சேதான்."

அவர் தலையை ஒரு தடவை ஆட்டினார். மனைவியைக் கூட்டிக்கொண்டு வெளியே போய் வண்டியை எடுத்தார். பிச்சுமணி ஏணியை மடக்கி எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. சத்யபிரியா தரையில் சிந்தியிருந்த பூச்சுத் தூளைக் கையால் கூட்டி அள்ளி வெளியே போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்து முத்துகுமரனிடம் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் கேட்காததை எதற்குச் சொன்னாய் என்றார். கேட்டார்கள் என்றாள் அவள். அறிக்கையை அன்றைக்கே எழுதி மகாராஜாவுக்கும் பிச்சுமணிக்கும் அனுப்பினாள். நாலாவது பக்கத்தின் கடைசியில், இந்த வீடு கட்டப்பட்டபோது மேற்பார்வை செய்தது இதை எழுதுகிறவரே என்று ஒரு வரி சேர்த்தாள். மகாராஜா பதில் அனுப்பவில்லை. தரகர்கள் விஷயத்தை ஒரு வாரத்தில் ஊர் முழுக்கக் கொண்டுபோய்விட்டார்கள். கெடுத்ததும் அவளே, கண்டுபிடித்ததும் அவளே என்று டீக்கடையில் சிரித்தார்கள். அந்த மாதமும் அடுத்த மாதமும் அவளை யாரும் வீடு பார்க்கக் கூப்பிடவில்லை. காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து சும்மா இருந்தாள். பதினேழு வீடுகளையும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றிலும் என்ன நடந்தது என்று ஞாபகம் வந்தவரை குறித்துப் பார்த்தாள். பதினான்கில் சொல்லும்படி ஒன்றும் இல்லை. பிச்சுமணி வீட்டைத் தவிர இன்னும் இரண்டு இருந்தன.

அறிக்கை அனுப்பிய ஒன்பதாம் நாள் பிச்சுமணி போன் செய்தார். திருநெல்வேலியிலிருந்து வேறொரு எஞ்சினியரை வரவழைத்துக் காட்டினாராம். அவரும் அதையேதான் சொன்னாராம். பழுது பார்ப்பது என்றால் என்னென்ன செய்யவேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியில், வேலை நடக்கும்போது அவள் வந்து நிற்க முடியுமா என்றார். முழு நேரமும் நிற்கிறேன், அதற்குக் கூலி வேண்டாம் என்றாள். "மூடறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டணும். அது ஒண்ணுதான்" என்றார்.

கொத்தனார் யார் என்ற கேள்வி வந்தபோது அவள் மாடனைத்தான் கூப்பிட்டாள். அன்று அந்த பீமைப் பூசியது அவர். இப்போது ஐம்பத்தெட்டு வயது, ஆய்க்குடியில் இருக்கிறார், வலது முழங்காலில் வலி. எந்த வீடு என்று சொன்னதும் நாளைக்கு வருகிறேன் என்றார்.

பீமின் பாரத்தைத் தாங்க இரும்பு ஜாக்கிகளை வரிசையாக நிறுத்தினார்கள். பொய்க்கூரையைப் பிரித்தார்கள். மாடன் ஏணிப்பலகையில் உட்கார்ந்து உளியால் கொத்த ஆரம்பித்தார். பூச்சு பெரிய பெரிய பாளங்களாக விழுந்தது. அரை மணி நேரத்தில் உளி எதிலோ மாட்டியது. மாடன் விரலை விட்டு இழுத்தார். மடித்துத் திணித்த ஒரு சிமெண்ட் சாக்கு வந்தது. அதன் பின்னால் கையை முழங்கைவரை விடலாம் போல ஒரு பள்ளம்.

சத்யபிரியா கீழே நின்று அதைப் பார்த்தாள். பதினோரு வருடமாகத் தன் தப்பு எவ்வளவு பெரியது என்று தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தாள். ஒரு முழ நீளம், நாலு விரல் ஆழம். அது அந்த அளவோடு நிற்கவில்லை.

மாடன் பலகையை விட்டு இறங்கினார். சாக்கைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். "ஓட்டை ரொம்பப் பெருசா இருந்துது பாப்பா. கலவை உள்ள போய்க்கிட்டே இருந்துது, நிக்கல. இதைத் திணிச்சுட்டுத்தான் பூசினேன். ஒங்கிட்டச் சொல்லல. சொன்னா நீ அழுவன்னு நெனச்சேன்."

"மொதலாளிக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

"அவரு அதுக்கு முன்னாலயே போயிட்டாருல்லா."

பிச்சுமணி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அருகில் வந்து சாக்கை வாங்கி, வெளியே கொண்டுபோய் உதறினார். நாலாக மடித்து ஒரு பாலிதீன் பையில் போட்டு, அவள் கொடுத்த அறிக்கை இருந்த ஃபைலோடு சேர்த்து வைத்தார். அன்று மத்தியானம் அவர்கள் இரண்டு பேருக்கும் சாப்பாடு போட்டார்கள். மாடன் வாங்கிக்கொண்டார். சத்யபிரியா வேண்டாம் என்றாள். அடுத்த நாள் அவளும் சாப்பிட்டாள்.

வேலை பதினோரு நாள் நடந்தது. துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, துரு பிடிக்காமலிருக்க மருந்து பூசி, பழைய கம்பியோடு புதுக் கம்பி கட்டி, இறுக்கமாக நிரம்புகிற விசேஷக் காங்கிரீட்டை ஊற்றினார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பிச்சுமணி ஏணியில் ஏறித் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. எழுபதை நெருங்குகிற மனிதர் ஏணியில் ஏறும்போதெல்லாம் மாடன் கீழே பிடித்துக்கொண்டு நின்றார். கடைசி நாளில் பொய்க்கூரையைத் திரும்ப அடிக்கவேண்டாம் என்று பிச்சுமணி சொல்லிவிட்டார். பீம் வெளியே தெரியட்டும் என்றார்.

அந்த வீட்டை அவர்கள் ஆவணியில் விற்றார்கள். வாங்கியது ஷிஃபா என்ற நர்ஸ். செங்கோட்டைக்காரி, தென்காசியில் வேலை. வீட்டைக் காட்டுவதற்கு முன்பே பிச்சுமணி ஃபைலை அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாராம். படித்துவிட்டு ஷிஃபா சத்யபிரியாவுக்குப் போன் செய்து, எழுதியிருப்பதெல்லாம் நிஜம்தானா என்று கேட்டாள். நிஜம்தான் என்றாள் சத்யபிரியா. சாக்கை என்ன செய்வது என்றும் கேட்டாள். அது உங்கள் இஷ்டம் என்றாள்.

இதற்கு நடுவில் நிர்மலாதேவியிடமிருந்து அழைப்பு வந்தது. மேலகரத்திலேயே வேறு வீடு பார்த்திருக்கிறார்களாம். வீடு பார்த்துச் சொல்கிற இன்னொருவர் வந்து அரை மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாயிருக்கிறது என்று சொல்லிப் போனாராம். நிர்மலாதேவிக்கு மனது கேட்கவில்லை.

"அவரு கூப்பிட மாட்டாரு. நான் கூப்பிடுதேன். வருவியளா?"

"அண்ணாச்சிக்குச் சம்மதமா அக்கா?"

"அவரு ஒண்ணும் சொல்லல. ஆனா எந்திரிச்சும் போகல. இங்கனதான் உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்காரு."

சத்யபிரியா போனாள். அங்கே கழிவுநீர்த் தொட்டி கிணற்றுக்கு மிகப் பக்கத்தில் இருந்தது. மற்றபடி வீடு கெட்டி. மகாராஜா கூடவே நடந்து ஒவ்வொன்றையும் கேட்டார். அவள் சொன்னதை எழுதிக்கொண்டார். தொட்டியை வேறு இடத்தில் கட்டித் தருவதாக விற்கிறவர் ஒப்புக்கொண்ட பிறகு வாங்கினார். பழைய விஷயத்தை அவர் ஒருபோதும் எடுக்கவில்லை. பால் காய்ச்சுக்கு அழைப்பு வந்தது. அவளும் முத்துகுமரனும் போய்வந்தார்கள்.

அதற்குப் பிறகு வேலை பழையபடி வர ஆரம்பித்தது. நோட்டில் இருந்த மற்ற இரண்டு வீடுகளுக்கும் அவள் யாரும் கூப்பிடாமலே போனாள். முதல் வீட்டில் ஒரு ஸ்கூல் வாத்தியார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவள் சொன்ன குறையை அங்கே ஏற்கெனவே யாரோ சரிசெய்திருந்தார்கள். தேடி வந்ததற்கு நன்றி என்று சொல்லி அனுப்பினார்.

இரண்டாவது வீடு இலஞ்சியில், பாலம்மாள் என்ற விதவைக்குச் சொந்தமானது. மகன் போலீஸில், சென்னையில். அந்த வீட்டில் முன்பக்க ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அப்படிச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற காங்கிரீட் பலகைக்குக் கம்பி மேல்பக்கம் இருக்கவேண்டும், இல்லையென்றால் ஒருநாள் முறிந்து விழும். காங்கிரீட் போட்ட அன்று ஆட்கள் மேலே மிதித்து நடந்ததில் கம்பி கீழே இறங்கிவிட்டது. அதை அவள் மறுநாள்தான் கவனித்தாள். அப்போதும் யாரிடமும் சொல்லவில்லை.

பாலம்மாள் கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள். "நல்லா இருக்கிற வீட்டை வந்து விழும் விழும்னு சொல்லுதிய. ஒங்களுக்கு நான் என்ன செஞ்சேன்?" என்றாள். சத்யபிரியா விளக்கப் பார்த்தாள். போகச் சொல்லிவிட்டு பாலம்மாள் உள்ளே போய்விட்டாள். அடுத்த மாதம் மறுபடி போனாள், வீடு பூட்டியிருந்தது. சன்ஷேடுக்குக் கீழே யாரும் உட்காரவேண்டாம், துணி காயப்போடவேண்டாம் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, தன் போன் நம்பரையும் போட்டு, தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். போன் வரவில்லை.

இந்த வருடம் சாரல் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் வேறு வேலையாக இலஞ்சி வழியாகப் போனாள். பாலம்மாள் வீட்டைத் தாண்டும்போது வண்டியை மெதுவாக ஓட்டினாள். சன்ஷேடைக் காணவில்லை. அடியோடு இடித்து எடுத்துவிட்டு, சுவரில் இரும்புத் தாங்கிகள் அடித்து நீல நிறத் தகரம் போட்டிருந்தது. கீழே கொடியில் புடவை காய்ந்தது. அவளைக் கூப்பிடாமலே பாலம்மாள் எடுத்த முடிவு அது. தவறான முடிவு என்று சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை என்று சத்யபிரியா வீட்டுக்கு வந்து முத்துகுமரனிடம் சொன்னாள்.